கள்ளத் தறாசும் ஒரு ஏக்கர் வயலும்: போன்லயே ஒரு சிரிப்புப் படம் எடுக்கிறது எப்படி

ஏமாத்துக்காரங்க ரெண்டு பேர், ஒரு ஏக்கர் வயல், 15 நிமிசத்துல ஒரு சிரிப்புப் படம். மட்டக்களப்புல படம் எடுக்க ஆசைப்படுற தம்பி தங்கச்சிமாருக்கு இத விட நல்ல கதை கிடையாது எண்டுதான் நான் நினைக்கிறன், ஆனா கமராவ கையில எடுக்க முன்ன சிரிப்பு யார் மேல விழப்போகுது எண்டத முடிவு செய்ங்க. நாங்க முதல் எடுத்த படத்துல ஏமாறுற விவசாயிய ஒண்டும் தெரியாத மனிசனாக் காட்டிட்டம், ஊருல போட்டுக் காட்டக்குள்ள பொடியன்மார் நல்லாச் சிரிச்சாங்க, வயல் செய்யிற ஆக்கள் ஒராளும் சிரிக்கல, முடிய எங்கட அம்மா கேட்டா, "வெயிலுக்க கிடந்து வெள்ளாமை செய்த மனிசன ஏன் மனே மடையனாக்கின நீங்க" எண்டு. அந்தப் படத்த நாங்க மறுகா ஒரு இடத்திலயும் போடல.

அதால ஏமாத்துற வித்தைய படம் பாக்கிற ஆக்களுக்கு முதல்லயே காட்டிடுங்க. லொறியில வாற ரெண்டு பேரும் சந்தியில நிண்டு தறாசுல கை வைக்கிறத நாங்க பாத்திட்டம் எண்டா, அவங்க வயலுக்க வந்து "அண்ணே நாங்க நியாயமான ஆக்கள்" எண்டு சொல்லுற ஒவ்வொரு சொல்லுக்கும் சனம் சிரிக்கும், ஒளிச்சு வச்சு கடைசில காட்டினா அது துப்பறியும் கதையாப் போயிடும்.

வித்தை உண்மையா நடக்கிறதா இருக்கோணும். நெல்லு விக்கிற இடத்துல போய் ரெண்டு நாள் சும்மா நில்லுங்க, கதை அங்கயே கிடக்கு. முதலாவது கழிவு, பேக்கின்ட நிறை எண்டு சொல்லி நெல்லுல வெட்டுறது. வெறும் பொலித்தீன் பேக் கால் கிலோவும் வராது, ஆனா மூடைக்கு 2 கிலோ கழிவு எண்டு வெட்டுவாங்க, 40 மூடைக்கு 80 கிலோ, அதாவது ஒரு மூடைக்கு மேல காத்தோட போகுது. ரெண்டாவது ஈரம். அரசாங்கத்தின்ட நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீதத்துக்குள்ள ஈரம் இருந்தாத்தான் வாங்கும், அத வச்சு வெளி யாவாரி நல்லாக் காஞ்ச நெல்லையும் ஈரம் எண்டு சொல்லி விலையக் குறைப்பான். இத எடுக்கிற விதத்த ஒள்ளுப்பம் கவனமாக் கேளுங்க. காஞ்ச நெல்ல பல்லுல வச்சுக் கடிச்சா "டிக்" எண்டு உடையும், ஈர நெல்லு நசியும், சத்தம் வராது. யாவாரி ஒரு நெல்லக் கடிக்கக்குள்ள மைக்க வாய்க்குக் கிட்டப் பிடிச்சு அந்த "டிக்" சத்தத்தத் துப்பரவா எடுங்க, உடனே அவன் முகத்தச் சுளிச்சு "சரியான ஈரம் அண்ணே" எண்டு சொல்லட்டும். வேற ஒரு வசனமும் தேவையில்ல, விவசாயி அவன ஒருக்காப் பாத்தாப் போதும்.

மூண்டாவதுதான் தறாசு, படத்தின்ட உயிரே அதுதான். தறாசு 6 கிலோ குறைச்சுக் காட்டுது எண்டு வைங்க. விவசாயின்ட அம்மா, வயசு போன மனிசி, வெத்திலை போட்டுக்கிட்டு வாடியில, அதான் வயல் குடிசையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கிறா, ஒண்டும் பேசல. கடைசில மெதுவா எழும்பி வந்து செருப்பக் கழட்டி வச்சிட்டு தறாசுல ஏறி நிக்கிறா. 46 காட்டுது. "நேத்து கிளினிக்ல 52 மனே, ஒரு ராவைக்குள்ள 6 கிலோ இளைச்சிட்டனா?" ஏமாத்துக்காரன் சமாளிப்பான், "கிளினிக் தறாசு பிழை ஆச்சி" எண்டு. ஆச்சி சண்டை போடக் கூடாது, அது முக்கியம். "அப்ப சரி மனே" எண்டு போய் பேரனிட்ட, வாடிக்குள்ள கிடக்கிற உடைக்காத யூரியா பேக்கத் தூக்கிட்டு வரச் சொல்லுறா, பேக்குல 50 கிலோ எண்டு அச்சடிச்சிருக்கு, தறாசுல 44. இந்த இடத்துல கமரா நம்பரக் காட்டி, பேக்குல இருக்கிற எழுத்தக் காட்டி, மறுகா அந்த ரெண்டு பேரின்ட முகத்துல அஞ்சு செக்கன் நிக்கோணும், அவசரப்பட்டு வெட்டாதீங்க. யாவாரத் தறாசுக்கு வருசா வருசம் பரிசோதிச்சு முத்திரை குத்தோணும், அந்த முத்திரை இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்கிறத முன்னமே ஒருக்காக் காட்டி வச்சீங்க எண்டா இப்ப ஆச்சி அத நகத்தால கிளப்பக்குள்ள சனம் கை தட்டும்.

ஏமாத்துக்காரங்க வாற விதத்துக்கு எங்கட கூத்தப் பாருங்க. வடமோடியோ தென்மோடியோ, களரிக்கு, அதான் கூத்து ஆடுற இடத்துக்கு வாற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவு இருக்கு, அதுக்கெண்டு பாட்டு, தாளம். லொறி வரம்போரம் குலுங்கிக் குலுங்கி வரக்குள்ள மத்தளமும் சல்லரியும் போட்டு அவங்களுக்கும் ஒரு வரவு குடுங்க. உங்கட ஊர்ல கூத்துப் பழக்கிற அண்ணாவியாரிட்டப் போய் மரியாதையாக் கேட்டு, காசும் குடுத்து நீங்களே பதிவு செய்ங்க, சினிமாப் பாட்டுப் போட்டா யூடியூப்ல உரிமைப் பிரச்சினை வரும், அதோட எங்கட மத்தளத்துக்கு முன்னால அது ஒண்டுமே இல்ல.

ஒரு விசயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டன். மட்டக்களப்பு அம்பாறையில தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூண்டு சமூகமும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறம், கள்ளன வேற சமூகத்து ஆளாக் காட்டிச் சிரிக்க வைக்காதீங்க. கள்ளன் உங்கட ஊர் ஆளா இருக்கட்டும், முடிஞ்சா சொந்தக்காரனா இருக்கட்டும், "மச்சான்" எண்டு கூப்பிட்டுக்கிட்டே மூடைக்கு 2 கிலோ வெட்டுறவன்தான் பெரிய சிரிப்பு. பேச்சும் எங்கட பேச்சா இருக்கோணும், இந்தியச் சினிமாத் தமிழும் வேணாம் யாழ்ப்பாணப் பேச்சும் வேணாம். ஆச்சிக்கு வசனம் எழுதிக் குடுக்காதீங்க, விசயத்தச் சொல்லிட்டு விடுங்க, அவ சொல்லுறதுதான் சரியா வரும்.

எப்ப எடுக்கிறது எண்டா சிறுபோக அறுவடை, ஆவணி மாசம் அளவுல. பெரும்போக அறுவடைக்குள்ள ஒருத்தருக்கும் நேரம் இருக்காது, மழை வேற சில நேரம் குழப்பும். சிறுபோகம் குளத்துத் தண்ணிய நம்பித்தான், அதால உன்னிச்சை, நவகிரிக் குளத்துக்குக் கீழ இருக்கிற கண்டங்கள்ல, அதான் வயல் வெளிகள்ல தேடுங்க, அம்பாறைப் பக்கம் எண்டா சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணி பாயிற வயல்கள். மண்முனைப் பாலத்தால போனா கொக்கட்டிச்சோலை, வலையிறவால போனா வவுணதீவு, ரெண்டுமே மட்டக்களப்பு டவுன்ல இருந்து கிட்டத்தான். காணிக்காரரிட்டயும், வயலுக்குத் தண்ணி விடுறதப் பாக்கிற வட்டவிதானையிட்டயும் கேட்டிட்டு இறங்குங்க. வெட்டு மிசின் வாடகைக்கு வந்தது, அத மறிச்சு "ஒருக்கா நில்லுங்க" எண்டு சொல்லாதீங்க, நெல்லு படங்குல கொட்டி முடிஞ்ச பொறகுதான் உங்கட வேலை.

அந்த மாசத்துல கச்சான் காத்து அடிக்கும், வெளிச்சம் நல்லா இருந்தாலும் சத்தம் முழுக்க "புஸ்" எண்டு போயிடும். பேச்சுக் காட்சி எல்லாத்தையும் காலைல 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில முடிங்க. இன்னொரு போன பேசுற ஆளின்ட சட்டைப் பைக்குள்ள போட்டு வொய்ஸ் றெக்கோட் ஓட விடுங்க, தொடங்கக்குள்ள ஒருக்காக் கை தட்டினா பொறகு எடிட்டிங்ல ரெண்டையும் சேக்கலாம். போன படுக்கையாப் பிடிங்க, 1080 போதும், திரையில விரல அழுத்திப் பிடிச்சு போக்கசயும் வெளிச்சத்தையும் லொக் பண்ணுங்க, லென்ஸ ஒவ்வொரு ஷொட்டுக்கும் துடைங்க, நெல்லுத் தூசி கண்ணுக்குத் தெரியாமப் படியும். பின்னேரம் 5 மணிக்கு மேல காட்டோரக் கண்டத்துல நிக்க வேணாம், யானை வாற நேரம், எவ்வளவு வடிவான வெளிச்சம் எண்டாலும் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க.

எடிட் பண்ணி முடிஞ்ச உடனே யூடியூப்ல ஏத்தாதீங்க. மார்கழில இல்லாட்டித் தை பிறக்கக்குள்ள, பெரும்போக அறுவடைக்கு லொறிகள் வாறதுக்கு முன்ன, அதே வயல்காரர் முத்தத்துல ஒரு வெள்ளச் சீலையக் கட்டிப் போட்டுக் காட்டுங்க. நீங்க திரையப் பாக்காதீங்க, பாய்ல இருக்கிற ஆக்களப் பாருங்க, அவங்க பேசாம இருக்கிற இடத்த எல்லாம் குறிச்சுக்கிட்டு வந்து மறுகா வெட்டுங்க.