நெடுந்தீவில் காணி உள்ளவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் 776 பஸ் ஏறினால் வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பள்ளிக்கூட லீவு என்று வெளிநாட்டிலிருந்து நாம் வருவது சரியாகச் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில். படகு ஆடும், பிள்ளைகள் சத்தியெடுப்பார்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேளுங்கள்.

1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன சனத்தை வெட்டிக் கொன்றது இதே கடலில்தான். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள், குதிரையை மட்டும் காட்டாதீர்கள்.

குதிரைகள் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்து வளர்ப்பின் மிச்சம். இப்போது கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடையில் தண்ணீருக்கு அலைகின்றன. இடிந்த கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் எல்லாவற்றையும் ஓட்டோவில் அரை நாளில் பார்த்துவிடலாம்.

காணி இருந்தால் கதை வேறு.

எங்களுடையது பவளக்கல் மதில் போட்ட வளவு. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய மதில், தீவெங்கும் உள்ளதுதான். போய் இறங்கியதுமே மாமி, "ஒரு கையெழுத்துத்தானே தம்பி" என்றார். காணி உறுதியில் அப்பப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. கந்தோரில் இருந்தவர் இரண்டும் ஒரே ஆள் என்று கிராம அலுவலரான விதானையாரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். கந்தோர் கடலுக்கு இந்தப் பக்கம், விதானையார் அந்தப் பக்கம். கடிதத்தோடு வந்தால் மேலொப்பம் இல்லையாம். மேலொப்பத்தோடு வந்தால் ஆள் லீவு. அடுத்த முறை ஆள் இருந்தார், "இதைப் போன கிழமையே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அதுதான் இன்னும் எரிகிறது.

மாமிமேலும் எரிச்சல் வந்தது. ஆனால் மதிலில் சரிந்த கற்களை இத்தனை வருடமும் திரும்ப அடுக்கியது அவர்தான். நாங்கள் காசு அனுப்பினோம், அதுவும் நாள் பெருநாளுக்கு. "இந்த வளவில் எனக்கு என்ன பங்கு" என்று மாமி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே, உறுதியின் படத்தை இப்போதே வாட்ஸப்பில் எடுப்பித்து, பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விதானையார் கந்தோரில் இருக்கும் நாளை உறவினர் மூலம் கேட்டு வையுங்கள். நம்பிக்கையான ஆள் ஊரில் இருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்திலேயே, உங்களுக்காகக் கையெழுத்திட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவத்துக்கு அலுவல் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். மாமியோடு இருந்து ஒடியல் கூழ் குடிக்கவாவது நேரம் மிஞ்சும்.