பிரிவுத் துயரப் பாடலுக்குப் பொருள் காண்பது எப்படி?

சோகமான காதல் பாடலைப் படிக்கும்போது, யார் யாரிடம் பேசுகிறார் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். குறுந்தொகையின் 28ஆம் பாடலில், ஔவையார் படைத்த தலைவி தோழியிடம் பேசுகிறாள்.

அடுத்து வினைச்சொற்களைக் கவனியுங்கள். "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்றும், "கூவுவேன்கொல்" என்றும் அவள் கேட்கிறாளே தவிர, எதையும் செய்துவிடவில்லை. 'கொல்' என்ற அந்தச் சிறிய ஐயச்சொல்லில்தான் அவளுடைய செயலற்ற தவிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. வேகமாகப் படிப்பவர்கள் தவறவிடுவதும், என் கருத்தில், இந்தச் சொல்லைத்தான்.

பிறகு, பாடலில் எது இல்லை என்று பாருங்கள். காதல் என்ற சொல்லோ தலைவனைப் பற்றிய பேச்சோ எங்குமில்லை; மெல்ல அசையும் காற்றுதான் அவளை வருத்துகிறது. தன் நோயறியாமல் உறங்கும் ஊரை அவள் கடைசி அடியில் சுட்டும்போதுதான், கூவ நினைத்தது காதலனை நோக்கியன்று, அந்த ஊரை நோக்கியே என்பது விளங்கும்.