எஸ்.யூ. இரட்டைக் கார்பரேட்டர்: ஜெட்டை நடுவில் நிறுத்தாமல் மிக்சரைத் தொடாதீர்கள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் இப்போது என்னுடைய 1951 எம்.ஜி. டி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. பெரியப்பா ஓட்டிய வண்டி. ஐப்பசி மழை தொடங்கும்வரை ஒழுங்காக ஓடியது. பொங்கல் முடிந்து வெளியே எடுத்தபோது இரண்டு கார்பரேட்டரின் (காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) அடியிலும் பெட்ரோல் சொட்டியது. உள்ளே இருந்த தக்கை வாஷர்கள் காய்ந்து சுருங்கிவிட்டன. புதுத் தக்கை வாங்கி மாட்டினேன், சொட்டு நின்றது. ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். மூன்று வாரம் மிக்சர் நட்டையே, அதாவது பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற நட்டையே, திருகிக்கொண்டிருந்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை. தக்கை மாற்றும்போது ஜெட், அதாவது பெட்ரோல் மேலே வருகிற சின்னப் பித்தளைக் குழாய், இடம் நகர்ந்துவிட்டது, அதுதான் விஷயம்.

பிளக், பாயின்ட், டைமிங் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். டேப்பட்டை (வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்) பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்த வண்டியின் எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினில் முதலில் வந்தவற்றுக்கு இடைவெளி 0.019 அங்குலம், பிறகு கேம்ஷாஃப்ட் மாறியதும் 0.012. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அது தப்பாக இருந்தால் கார்பரேட்டரில் எவ்வளவு உழைத்தாலும் ஐடில் (காலை எடுத்த பிறகு எஞ்சின் மெதுவாக ஓடுகிற வேகம்) நிற்காது.

உள்ளே என்ன நடக்கிறது

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆரம்பித்த கம்பெனி. முதல் கார்பரேட்டர்களில் பிஸ்டனே கிடையாது, தோல் துருத்திதான். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொண்டால் இன்றைக்கு இருப்பதும் புரிந்துவிடும். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்டன் மேலே எழும்பும். பிஸ்டனின் அடியில் ஒரு ஊசி. அது நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். அந்த ஊசி பித்தளை ஜெட்டுக்குள் இறங்கி நிற்கிறது. ஊசி எழும்பினால் துளையில் இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். அவ்வளவுதான் மொத்த சூட்சுமம். இந்த ஜெட்டின் துளை 0.090 அங்குலம். அதற்குள் ஊசி எந்தப் பக்கமும் உரசாமல் நட்டநடுவில் நிற்க வேண்டும்.

கருவிகள்

விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனர் செட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மெட்ரிக் ஸ்பேனரை வைத்து ஒப்பேற்றினால் நட்டின் முனை மழுங்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த எஞ்சினில் போல்ட்டின் தலைதான் விட்வொர்த் அளவு, மரை மெட்ரிக். காவென்ட்ரியில் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனி வைத்திருந்த தொழிற்சாலையையும் அதன் இயந்திரங்களையும், எம்.ஜி.க்கு எஞ்சின் செய்துகொடுத்த மோரிஸ் கம்பெனி வாங்கியதால் வந்த வழக்கம் அது. அதிலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் 8 எம்.எம். என்று கேட்டால் 1.25 இடைவெளிதான் தருவார்கள். கையால் மூன்று சுற்று ஏறவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், மரை போய்விடும்.

காற்று அளக்கும் மீட்டர் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. மருந்து தெளிப்பானின் பழைய ஹோஸில் ஒரு முழம் வெட்டிக் காதில் வைத்துக் கேட்கிறேன். காது பழகிவிட்டால் மீட்டர் தேவையே இல்லை.

கழற்றுவதும் துடைப்பதும்

முதலில் பேட்டரி. இந்த வண்டியில் பிளஸ்தான் எர்த், அந்த ஒயரை முதலில் கழற்றுங்கள். திறந்த வெளியில், அடுப்பு எதுவும் எரியாத இடத்தில், மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

டாஷ்பாட்டையும் (பிஸ்டனை மூடியிருக்கிற மேல் கூடு) பிஸ்டனையும் ஜோடியாகவே வைத்திருங்கள். முன் கார்பரேட்டருடையது பின்னதில் போகக்கூடாது. தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்தவை. உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் நார் இரண்டும் கிட்டே வரக்கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணி போதும். ஃப்ளோட் கிண்ணத்தின் (மிதவையோடு பெட்ரோல் தேங்கி நிற்கிற கிண்ணம்) அடியில் என்னுடையதில் மோர் திரிந்த மாதிரி வெள்ளைப் படலம் இருந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டெல்டாவின் கார்த்திகை மாதத்து ஈரத்தைச் சொல்லவா வேண்டும்? மழைக்காலத்தில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டு நிறுத்துங்கள்.

புதுத் தக்கை வாஷர்களை வெதுவெதுப்பான எஞ்சின் ஆயிலில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு மாட்டுங்கள். காய்ந்த தக்கையை மாட்டினால் ஜெட் ஏறி இறங்கும்போது கிழிந்துவிடும்.

ஜெட்டை நடுவில் நிறுத்துவது

இங்கேதான் எனக்கு மூன்று வாரம் போனது. பொறுமையாகப் படியுங்கள்.

ஜெட்டுக்கு அடியில் மிக்சர் நட் இருக்கிறது, அதற்கு மேலே ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். ஸ்பிரிங் உள்ளே இருந்தால் நட் கடைசிவரை மேலே ஏறாது, ஜெட்டும் உச்சிக்குப் போகாது. ஊசியின் தடித்த பாகம் ஜெட்டுக்குள் இருக்கும்போதுதான் நடு எது என்று தெரியும். ஜெட் கீழே தொங்கினால் ஊசியின் மெலிந்த பாகம்தான் உள்ளே இருக்கும். எங்கே நிறுத்தினாலும் சரி என்றே தோன்றும்.

சோக் லீவரையும் ஜெட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் நட்டை முழுக்க மேலே ஏற்றி, ஜெட்டை அதில் முட்டும்வரை மேலே அழுத்தி வையுங்கள். மேலே இருக்கிற பெரிய லாக் நட்டைத் தளர்த்துங்கள், ஜெட் பேரிங் (ஜெட்டைத் தாங்குகிற உறை) விரலால் லேசாகச் சுழலும் அளவுக்கு மட்டும். டாஷ்பாட்டின் மேல் மூடியைத் திறந்து, ஒரு பென்சிலை உள்ளே விட்டுப் பிஸ்டனை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். ஊசியே ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். பென்சிலை எடுக்காமல் லாக் நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் ஜெட்டும் கூடவே திரும்பிச் சாயும். கால் சுற்றுக்கு ஒருமுறை பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள்.

காதைக் கொடுங்கள். பிஸ்டன் விழும்போது "டக்" என்று உலோகத்தில் உலோகம் தட்டுகிற சத்தம் வர வேண்டும். பித்தளைச் செம்பைக் கல்தரையில் வைத்த மாதிரி சுத்தமான சத்தம். "தொப்" என்று விழுந்தாலோ, வழியில் நின்றாலோ ஊசி உரசுகிறது. பிறகு ஜெட்டை முழுக்கக் கீழே இறக்கி இன்னொரு முறை விடுங்கள். மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் ஒரே சத்தம் வந்தால் முடிந்தது. கீழே இருக்கும்போது மட்டும் சுத்தமாக வந்தால் லாக் நட்டைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து. பின் கார்பரேட்டருக்கு நான் பதினோரு தடவை செய்தேன். பதினோராவது தடவை வந்த அந்த "டக்" இன்னும் காதில் இருக்கிறது.

முடிந்ததும் ஸ்பிரிங்கை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். டாஷ்பாட்டில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய். சிலவற்றில் மூடியோடு டேம்பர் கம்பி (பிஸ்டன் துள்ளாமல் தடுப்பது) இருக்கும், சிலவற்றில் வெறும் மூடிதான். இரண்டும் சரியே.

காற்று திருட்டு

வண்டியை ஸ்டார்ட் செய்து, த்ராட்டில் ஸ்பிண்டில் (ஆக்சிலரேட்டர் திறக்கிற காற்றுக் கதவின் தண்டு) வெளியே வரும் இரண்டு முனையிலும் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று போகிறது. ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது. இதை அப்படியே விட்டுவிட்டு மிக்சரை எவ்வளவு திருகினாலும் வீண்தான்.

கும்பகோணத்தில் பம்புசெட் வேலை பார்க்கிற ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். "தம்பி, பம்புக்குப் போடுற புஷ்தான் இது, சைஸ்தான் சின்னது. மத்தியானம் வந்து வாங்கிக்கோங்க" என்றார். கன்மெட்டலில் புஷ் கடைந்து, ரீமர் போட்டுக் கொடுத்தார். சுழலுகிறது, ஆட்டமே இல்லை. வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்கும் முன் நம் ஊர் லேத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இரண்டையும் சமன் செய்வது

இரண்டு ஸ்பிண்டிலையும் இணைக்கிற கப்ளிங்கைத் தளர்த்துங்கள். ஐடில் ஸ்க்ரூ இரண்டையும் முழுக்கப் பின்வாங்கி, த்ராட்டில் மூடியதும் ஒவ்வொன்றையும் ஒரு சுற்று உள்ளே கொடுங்கள். மிக்சர் நட்டில் ஆறு முகம் உண்டு. உச்சியிலிருந்து பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்கி ஆரம்பியுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஹோஸை முன் கார்பரேட்டரின் வாயில் வைத்துக் கேளுங்கள், பிறகு பின்னதில். "ஸ்ஸ்" என்ற இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாகும்வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருத்துங்கள்.

மிக்சர் இப்போதுதான். ஒரு கார்பரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு முகம் ஏற்றுங்கள். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு, ஒரு முகம் இறக்குங்கள். லேசாகக் கூடி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. அடுத்ததற்கும் அப்படியே. மறுபடி இரைச்சலைக் கேட்டுவிட்டுக் கப்ளிங்கை இறுக்குங்கள்.

தாளடி அறுவடை நேரத்தில் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை பாருங்கள். நெல் சுணை அடைத்தால் மிக்சர் தானாகவே கெட்டுவிடும்.

பிறகு சேர்த்தது

"அம்பாசடர் ஜெட் செட் போடலாமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பழைய அம்பாசடரிலும் எஸ்.யூ. உண்டு, ஆனால் அது ஹெச்.எஸ். வகை. ஜெட்டுக்குப் பெட்ரோல் ஒரு நைலான் குழாய் வழியாக வரும், தக்கையே கிடையாது. நம்முடையது ஹெச். வகை, அந்த ஜெட் இதில் பொருந்தாது. ஆனால் அம்பாசடரில் கை பழகிய மூத்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்த "டக்" சத்தம் அவருக்கு உடனே புரியும்.

மன்னார்குடி வாசகர் ஒருவருக்கு எல்லாம் செய்த பிறகும் முன் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிந்தது. ஃப்ளோட்டைக் கழற்றி, அடுப்பிலிருந்து தூரமாகக் கொண்டுபோய், வெந்நீரில் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். ஓரத்திலிருந்து வரிசையாகக் குமிழி வந்திருக்கிறது. ஓட்டை. ஈயப் பற்று வைக்கலாம், ஆனால் உள்ளே போன பெட்ரோல் ஒரு சொட்டு விடாமல் வெளியேறிய பிறகுதான் சூட்டுக்கோலை எடுக்க வேண்டும். பற்றும் குண்டுமணி அளவைத் தாண்டக்கூடாது. கனம் கூடினால் ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், மறுபடியும் வழியும்.