ரீடூ கொண்டுபோகாதவை: ஸ்டாண்ட்பையில் சர்வீஸும் ரெக்கவரி ஏரியாவும்

ஆரக்கிள் டேட்டா கார்ட் என்பது முதன்மை டேட்டாபேஸின் (பிரைமரி) நகலை வேறு தளத்தில் (ஸ்டாண்ட்பை) வைத்திருக்கும் வசதி. இதில் தரவு மாற்றங்கள் ரீடூ (மாற்றங்களின் பதிவு) வழியாக ஸ்டாண்ட்பைக்குப் போய், அங்கே அப்ளை ஆகிவிடும். ஆனால் எஸ்ஆர்விசிடிஎல் (srvctl) என்ற கட்டளைக் கருவி கொண்டு அமைத்த சர்வீஸ் (அப்ளிகேஷன் இணையும் பெயர்) அந்தந்தத் தளத்தின் ரிஜிஸ்ட்ரியில் இருக்கிறது. பேக்கப் கருவியான ஆர்மேனின் (RMAN) அமைப்பு அந்தந்த கண்ட்ரோல் ஃபைலிலும், லாக்குகளும் பேக்கப்புகளும் சேரும் இடமான ரெக்கவரி ஏரியாவின் அளவு அந்தந்த எஸ்பிஃபைலிலும் (அமைப்பு மதிப்புகளின் ஃபைல்) இருக்கின்றன. இவற்றை ரீடூ சுமந்து போகாது. இரு பக்கமும் கையால்தான் அமைக்க வேண்டும்.

முதலில் சர்வீஸ். டேட்டாபேஸின் இயல்பான சர்வீஸ் பெயரில் அப்ளிகேஷனை இணைக்காதீர்கள். சுவிட்ச்ஓவருக்குப் (பிரைமரியும் ஸ்டாண்ட்பையும் பொறுப்பு மாறுவது) பிறகும் அது பழைய தளத்தையே தேடும். 'எஸ்ஆர்விசிடிஎல் ஆட் சர்வீஸ்' கட்டளையில் ரோலை பிரைமரி என்று கொடுத்து ஒன்று, பிசிக்கல் ஸ்டாண்ட்பை என்று கொடுத்து ரிப்போர்ட்டுகளுக்கு ஒன்று, இரண்டையும் இரு தளத்திலும் உருவாக்குங்கள். மல்டிடெனன்ட் (ஒன்றுக்குள் பல டேட்டாபேஸ்) என்றால் உள்ளிருக்கும் டேட்டாபேஸான பிடிபியின் பெயரையும் சேருங்கள். கிளையன்ட் பக்க இணைப்பு விவரத்தில் இரு தள முகவரிகளும் இருக்கட்டும்.

ரிப்போர்ட் சர்வீஸ் ஸ்டாண்ட்பையில் ஓஆர்ஏ-16000 பிழையோடு நின்றால் காரணம் எளிது: சர்வீஸின் பெயர் டேட்டா டிக்ஷனரியில் இல்லை, ரீட்-ஒன்லி டேட்டாபேஸால் அதை எழுதவும் முடியாது. பிரைமரியில் டிபிஎம்எஸ்_சர்வீஸ் பேக்கேஜால் அதே பெயரை ஒருமுறை உருவாக்குங்கள். அந்த ரீடூ ஸ்டாண்ட்பையில் அப்ளை ஆனதும் சர்வீஸ் எழும். அப்ளை ஓடும்போதே ரீட்-ஒன்லியாகத் திறந்து வைக்க ஆக்டிவ் டேட்டா கார்ட் லைசென்ஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதிகம் கவனம் கேட்பது ரெக்கவரி ஏரியா. பேக்கப் பிரைமரியில் மட்டும் எடுக்கப்பட்டு, ஸ்டாண்ட்பையின் டெலிஷன் பாலிசி (லாக்கை எப்போது அழிக்கலாம் என்ற விதி) 'நன்' என்ற இயல்புநிலையிலேயே இருந்தால், அங்குள்ள ஆர்க்கைவ் லாக் (சேமித்து வைத்த ரீடூ ஃபைல்) அழிக்கத் தகுதி பெறுவதே இல்லை. ஒருநாள் ரெக்கவரி ஏரியாவின் வரம்பு தாண்டியது என்ற ஓஆர்ஏ-19809 பிழை வரும், ரீடூ வரவு நின்றுவிடும். பேக்கப் எடுக்காத தளத்தில் ஆர்மேனில் இதைக் கொடுங்கள்: 'கான்ஃபிகர் ஆர்க்கைவ்லாக் டெலிஷன் பாலிசி டு அப்ளைட் ஆன் ஆல் ஸ்டாண்ட்பை'. பேக்கப் எடுக்கும் தளத்தில் 'பேக்ட் அப் 1 டைம்ஸ்' நிபந்தனையையும் சேருங்கள். இல்லாவிட்டால் பேக்கப் ஆகாத லாக் அழியக்கூடும்.

வி$ரெக்கவரி_ஏரியா_யூசேஜ் வியூவில் நிரம்பிய சதவீதத்தை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். இடம் தேவைப்படும்போதுதான் ஆரக்கிள் தானாக அழிக்கும். 95% நிரம்பி, 80% மீட்கத்தக்கது (தேவைப்பட்டால் அழித்துவிடலாம்) என்றால் அது நல்ல நிலைதான். மீட்கத்தக்க இடம் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கையும், 3 சதவீதத்துக்குக் கீழே போனால் தீவிர எச்சரிக்கையும் வரும்.

மீட்கத்தக்க அளவு உயரவே இல்லையென்றால் கியாரண்டீட் ரெஸ்டோர் பாயிண்ட் (டேட்டாபேஸை உறுதியாகத் திருப்பக்கூடிய குறித்த நேரப் புள்ளி) ஏதும் மறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை அதற்கு வேண்டிய ஃபிளாஷ்பேக் லாக் (பின்னோக்கித் திருப்ப உதவும் பதிவு) அழியாது. ஸ்னாப்ஷாட் ஸ்டாண்ட்பை (சோதனைக்காகத் தற்காலிகமாக எழுதத் திறந்த ஸ்டாண்ட்பை) இன்னும் ஆபத்து: அது தானே அப்படி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ரீடூ வந்து குவியும், அப்ளை ஆகாது. மாற்றுமுன் சோதனை நாட்களின் மொத்த ரீடூவுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

அவசரத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஃபைலை நேரடியாக அழித்தால் டிஸ்க் காலியாகும். கண்ட்ரோல் ஃபைலின் கணக்கு மாறாது, பிழையும் தொடரும். ஆர்மேனில் 'கிராஸ்செக் ஆர்க்கைவ்லாக் ஆல்', பிறகு 'டெலீட் எக்ஸ்பயர்ட் ஆர்க்கைவ்லாக் ஆல்' ஓட்டினால்தான் கணக்கு சரியாகும். அழித்தது அப்ளை ஆகாத லாக் என்றால் பிரைமரியிலிருந்து மறுபடி வரவழைக்க வேண்டும். முதலில் டிபி_ரெக்கவரி_ஃபைல்_டெஸ்ட்_சைஸ் அளவைத் தற்காலிகமாகக் கூட்டுவதே பாதுகாப்பானது. டிஸ்க்கில் உண்மையாகவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். இடம் கிடைத்த உடனே ரீடூ வராவிட்டால் பொறுங்கள்: தோல்விக்குப் பின் மறுபடி அனுப்ப முயலும் இடைவெளியான ரீஓப்பனின் இயல்பு மதிப்பு 300 விநாடி, இடையில் விட்ட லாக்குகளை அதன்பின் ஸ்டாண்ட்பையே கேட்டு வாங்கிக்கொள்ளும்.