ஜாஸ் காலத்து அமெரிக்கா: எழுதுகிறவர்கள் இடறும் இடங்கள்

ஜாஸ் காலம் எனப்படும் 1920களின் அமெரிக்காவைப் பற்றிய கட்டுரை என்றால் முதல் பத்தியிலேயே ஒரு பெண் வந்து நிற்பாள். கத்தரித்த கூந்தல், முழங்காலைத் தொடும் பாவாடை, விரலிடுக்கில் சிகரெட். அப்படிப்பட்டவள் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பெரிய கல்லூரிகளிலும் இருந்தாள்தான். அவளை நாடு முழுக்கக் குடியேற்றிவிடுவதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரவாசிகள் முதன்முறையாகப் பாதியைத் தாண்டினார்கள் என்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். தாண்டியது உண்மை. ஆனால் அந்தக் கணக்கின்படி 2,500 பேர் குடியிருந்தாலே அது நகரம். நம் பக்கத்தில் அதைக் கிராமம் என்றுதான் சொல்வோம். உலகப்போருக்குப் பின் விளைபொருள் விலை சரிந்தபோது விழுந்த விவசாயி, அந்தப் பத்தாண்டு முழுவதும் சரியாக எழவேயில்லை. 1930இல்கூடப் பத்துப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. கொண்டாட்டக் காலம் என்று எழுதுங்கள், தவறில்லை; யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

1920 ஆகஸ்டில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும் அமெரிக்கப் பெண்கள் எல்லாரும் வாக்களித்தார்கள் என்பதும் இதே ரகம். வயோமிங் பெண்களுக்கு அந்த உரிமை 1869இலேயே கிடைத்திருந்தது. தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, நேரடி மிரட்டல் ஆகியவற்றால் 1965 வரை வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றார்கள்.

மதுவிலக்கில் இடறாதவர் குறைவு. குடிப்பது குற்றம் என்று மதுவிலக்கைக் கொண்டுவந்த 18ஆவது திருத்தம் எங்கும் சொல்லவில்லை. தயாரிப்பது, விற்பது, கொண்டுசெல்வது ஆகியவற்றையே தடுத்தது. தடை நடைமுறைக்கு வந்த 1920 ஜனவரிக்கு முன்பே வாங்கி வீட்டில் அடுக்கி வைத்தவர் சட்டப்படியே குடிக்கலாம். வாங்கி அடுக்கக் காசு யாரிடம் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருத்துவர் சீட்டு எழுதிக்கொடுத்தால் மருந்துக்கடையிலேயே விஸ்கி கிடைத்தது. தடை வந்ததால் குடி கூடிவிட்டது என்ற கதையையும் விட்டுவிடலாம். முதல் சில ஆண்டுகளில் குடி வெகுவாகக் குறைந்தது. பிறகு ஏறியபோதும் பழைய அளவை எட்டவில்லை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோனின் துப்பாக்கிச் சத்தத்தில் இந்தத் தகவல் யார் காதிலும் விழுவதில்லை.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது வேறொன்று: கறுப்பினத்தவரிடம் பிறந்த ஜாஸ் இசை நிறபேதத்தைக் கரைத்துவிட்டது என்று எழுதுவது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் 1927 டிசம்பர் முதல் ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் குழுவினர் வாசித்தார்கள். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். 1917இல் வெளியான முதல் ஜாஸ் இசைத்தட்டை வாசித்த ஐவரும் வெள்ளையர்களே.

இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்ற சிற்றூரைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே ஒரு பியானோ தொழிற்சாலை வளாகத்தில் ஜெனட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மைக் வராத காலம். பெரிய புனல் ஒன்றைப் பார்த்து வாசிப்பார்கள், ஒலியதிர்வு மெழுகுத் தட்டில் கோடாக விழும். 1923 ஏப்ரலில் கறுப்பின ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவரின் குழுவோடு சிகாகோவிலிருந்து வந்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் முதல் இசைத்தட்டுகளுக்கு வாசித்தது இங்கேதான். அவருடைய கார்னெட் என்ற ஊதுகுழல் மற்ற வாத்தியங்களை அமுக்கிவிடும் என்று அவரைப் புனலிலிருந்து தள்ளி நிற்கவைத்தார்கள் என்பார்கள். அந்த ஆண்டுகளில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் காசு கொடுத்துக் கேட்க, அவர்களுடைய பிரசாரப் பாடல்களையும் அதே நிறுவனம் தட்டாக அச்சிட்டுக் கொடுத்தது. ஜாஸும் இனவெறியும் ஒரே பட்டறையிலிருந்து வெளிவந்த சரக்குகள்.

இது தெரியாதபோது அடுத்த தவறு தானாக வந்து சேர்கிறது. நகரம் முன்னேறியது, பழைமைவாதிகள் பின்னால் இழுத்தார்கள் என்று கோடு கிழித்துவிடுகிறோம். அன்றைய கிளான் தெற்கத்திக் காட்டுக்குள் ஒளிந்திருந்த கும்பல் அல்ல. 1920இல் விளம்பரத் தொழில் தெரிந்த இருவரை அமர்த்திக்கொண்டு வளர்ந்த அமைப்பு அது. 10 டாலர் சேர்க்கைக் கட்டணத்தில் ஆள் பிடித்தவருக்கு 4 டாலர் கமிஷன். சிகாகோவிலும் டெட்ராய்டிலும் கிளைகள் இருந்தன. 1925 ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனில் பல்லாயிரம் பேர் வழக்கமான முகமூடி இல்லாமல், முகத்தை மூடாமலே அணிவகுத்தார்கள். மூட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

குடியேற்றச் சட்டத்தையும் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1924ஆம் ஆண்டுச் சட்டம் 1890 கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து நாட்டுக்கு இவ்வளவு பேர் என்று ஒதுக்கியது. இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருமளவில் வந்தது 1890க்குப் பிறகுதான் என்பதால் அந்தப் பழைய ஆண்டைத் தேடிப் பிடித்தார்கள். ஆசியர்களுக்கு ஏறக்குறைய முழுத் தடை. இந்தச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டு, முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த சில இந்தியர்களிடமிருந்து அது பறிக்கவும்பட்டது.

கடைசியாக, 1929 அக்டோபர் பங்குச் சந்தை வீழ்ச்சியோடு எல்லாம் முடிந்தது என்று திரையை இறக்கிவிடாதீர்கள். எலிங்டன் 1931 வரை காட்டன் கிளப்பில் இருந்தார். மதுவிலக்கு 1933 டிசம்பர் வரை நீடித்தது. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. நாடுவாரி ஒதுக்கீடு 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை போகவில்லை.