டகோட்டா டெரிட்டரியின் டெலிகேட் பட்டியலை வாசிப்பது எப்படி

1861 முதல் 1889 வரை டகோட்டா டெரிட்டரிக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. டெரிட்டரி என்றால் இன்னும் மாநிலமாகாத, வாஷிங்டனின் நேரடிப் பிடியில் இருந்த நிலப்பகுதி. அதில் அமர்ந்தவரை டெலிகேட் என்றார்கள். அவர் சபையில் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், சம்பளமும் வாங்கலாம். வாக்கெடுப்பு வந்தால் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், ஆனாலும் அதன் எம்.பி.க்கு மக்களவையில் முழு வாக்கு உண்டு. அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள்.

நான் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸில் குடியிருக்கிறேன், வரலாறு எனக்குப் பொழுதுபோக்கு. இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில வரலாறு பாடம் உண்டு. நம் ஊர்க்காரப் பெற்றோர் சிலர் வீட்டுப்பாடத்துக்காக இந்தப் பட்டியலை என்னிடம் கேட்பார்கள். பதினோரு பெயர், பதினோரு கட்சி, தேதிகள். அதைப் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடும், ஆனால் அதிலிருந்து எதுவும் புரியாது. பட்டியலை எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்டியலைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள்: ஜான் பிளேர் ஸ்மித் டாட், வில்லியம் ஜேன், வால்டர் பர்லி, சாலமன் ஸ்பிங்க், மோசஸ் ஆர்ம்ஸ்ட்ராங், ஜெஃபர்சன் கிடர், கிரான்வில் பென்னட், ரிச்சர்ட் பெட்டிகுரூ, ஜான் ரேமண்ட், ஆஸ்கர் கிஃபர்ட், ஜார்ஜ் மேத்யூஸ். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் காலியாக விடுங்கள். 'இதற்கு முன் என்ன வேலை பார்த்தார்' என்பது ஒன்று, 'பதவிக் காலத்தில் சபை எப்போது கூடியது' என்பது இன்னொன்று. கட்சிக் கட்டம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அதைவிட இந்த இரண்டும்தான் நிறையச் சொல்லும்.

பெயர்களுக்குள் போகுமுன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பதவியின் வேர் 1787-ஆம் ஆண்டு வடமேற்கு நிலப்பகுதிச் சட்டத்தில் (Northwest Ordinance) இருக்கிறது. ஒரு டெரிட்டரியில் வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் சட்டசபை அமைக்கலாம், அந்தச் சட்டசபை ஒரு டெலிகேட்டைத் தேர்ந்து அனுப்பலாம், அவருக்கு விவாதிக்கும் உரிமை உண்டு, வாக்களிக்கும் உரிமை இல்லை என்று அது சொன்னது. அப்படி முதலில் வந்து சேர்ந்தவர் தென்மேற்கு டெரிட்டரியின் ஜேம்ஸ் ஒயிட், 1794-இல். அவரை எங்கே உட்கார வைப்பது, உறுதிமொழி எடுக்கச் சொல்வதா வேண்டாமா என்று சபை அப்போது விவாதித்திருக்கிறது. சட்டம் இயற்றும் வாக்கு இல்லாதவருக்கு உறுதிமொழி தேவையில்லை என்று முடிவானது. 1799-இல் வந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன் வடமேற்கு டெரிட்டரியின் சட்டசபையில் 11-க்கு 10 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தேர்வானவர். வாக்கே இல்லாமல் 1800-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தைச் சபையில் நகர்த்தியவர் அவர்தான். 320 ஏக்கர் வரை சிறிய துண்டாக, கடனிலும் நிலம் வாங்க அந்தச் சட்டம் வழிவிட்டது. இந்தப் பதவியால் என்ன சாதிக்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் உதாரணம் இது. டகோட்டாவின் காலத்துக்குள் தேர்வுமுறை மாறி, மக்களே நேரடியாக வாக்களித்து இரண்டாண்டுக்கு ஒரு டெலிகேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்தது வரைபடம். 1861-இல் டகோட்டா என்று சொன்ன இடமும் 1868-க்குப் பிறகு டகோட்டா என்று சொன்ன இடமும் வேறு வேறு. 1861 மார்ச் 2 அன்று அதிபர் புக்கானன் கையெழுத்துப் போட்டபோது அது இன்றைய மொன்டானா, வயோமிங்கின் பெரும்பகுதியையும் சேர்த்துக்கொண்ட பிரம்மாண்டமான நிலம். 1863-இல் ஐடஹோ டெரிட்டரி பிரிந்தது. 1868-இல் வயோமிங்கும் தனியாகப் போன பிறகுதான் இன்றைய இரண்டு டகோட்டாக்களின் உருவம் வந்தது. ஆகவே ஒருவர் எந்த நிலத்துக்கு டெலிகேட்டாக இருந்தார் என்பதை ஆண்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பட்டியல் தொடங்குவதற்கு முன்பே ஒரு கதை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 1858 மே மாதம் மினசோட்டா மாநிலமானபோது அதன் மேற்குப் பகுதி எந்த அரசும் இல்லாமல் தொங்கியது. எங்கள் சூ ஃபால்ஸில் குடியேறியிருந்த ஒரு சின்னக் கூட்டம் தாங்களாகவே ஓர் அரசை அறிவித்து, அல்ஃபியஸ் ஃபுல்லர் என்பவரை டெலிகேட்டாக வாஷிங்டனுக்கு அனுப்பியது. சபை அவரை ஏற்கவில்லை. அடுத்து கிடரை அனுப்பினார்கள், அவருக்கும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் பத்தாண்டு முன்னால், விஸ்கான்சின் மாநிலமானபோது மிச்சம் விழுந்த நிலத்திலிருந்து வந்த ஹென்றி சிப்லியை இதே சபை 1849 ஜனவரியில் ஏற்றுக்கொண்டிருந்தது! இந்த மாதிரி நிராகரிக்கப்பட்டவர்களையும் பட்டியலின் மேலே பென்சிலில் எழுதிவையுங்கள். கிடர் 1875-இல் முறைப்படி வென்று வருவார், அப்போது தொடர்பு பிடிபடும்.

இப்போது தேதிகளுக்கு வரலாம். டாட் பெயர் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். 1861 டிசம்பரில் வந்தார், 1863 மார்ச்சில் போனார், மறுபடி 1864 ஜூன் 17 அன்று வந்தார். நடுவில் இருப்பவர் ஜேன். ஒரு பதவிக் காலத்தின் நடுவில் இப்படி ஆள் மாறினால் அது சாவு, ராஜினாமா, அல்லது தேர்தல் வழக்கு. இது மூன்றாவது ரகம். டாட் யார் தெரியுமா? அதிபர் லிங்கனின் மனைவி மேரி டாடின் உறவினர், ஆனால் ஜனநாயகக் கட்சிக்காரர். ஜேன் லிங்கனின் ஸ்பிரிங்ஃபீல்டு வீட்டு மருத்துவர், குடியரசுக் கட்சிக்காரர், லிங்கன் நியமித்த முதல் ஆளுநர். ஆளுநர் நாற்காலியில் இருந்தபடியே 1862 தேர்தலில் டாடை எதிர்த்து நின்றார். வெற்றிச் சான்றிதழ் ஜேனுக்குப் போனது, கள்ள வாக்கு என்று டாட் சபையில் முறையிட்டார். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை இருந்த சபை கடைசியில் ஜனநாயகக் கட்சிக்காரரான டாடுக்குத்தான் இருக்கையைக் கொடுத்தது. கட்சிக் கட்டத்தை மட்டும் பார்த்தால் இந்த முடிவு விளங்கவே விளங்காது. தேர்தல் வழக்குகளுக்குச் சபையே தனி அறிக்கை அச்சிட்டு வைத்திருக்கிறது. அதில் சாட்சி சொன்னவர்களின் வார்த்தைகள் அப்படியே கிடைக்கும், எல்லைப்புற வாழ்க்கையைப் பற்றி அதைவிட நல்ல வாசிப்பு இல்லை.

சரி, 'முன் வேலை' கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். ஜேன் ஆளுநர். பர்லி யாங்க்டன் சூ என்ற பழங்குடி மக்களுக்கான அரசு முகவர். ஸ்பிங்க் டெரிட்டரியின் செயலாளர். கிடரும் பென்னட்டும் டெரிட்டரி நீதிபதிகள். ரேமண்ட் மார்ஷல், அதாவது மத்திய அரசின் சட்ட அமலாக்க அதிகாரி. இவை எல்லாமே மக்கள் கொடுத்த பதவி இல்லை, வாஷிங்டனிலிருந்து வந்த நியமனங்கள். டெரிட்டரியில் ஆளுநர், செயலாளர், நீதிபதி எல்லோரையும் அதிபர்தான் நியமிப்பார், மக்களுக்கு அதிபர் தேர்தலில் வாக்குக் கிடையாது. அப்படி நியமனத்தில் வந்தவர்களே டெலிகேட் இருக்கைக்கும் போனார்கள். ஏன் என்றால் அந்த இருக்கையின் உண்மையான பலம் அங்கேதான் இருந்தது: அடுத்த தபால் நிலைய அதிகாரி யார், நில அலுவலகம் எந்த ஊருக்கு, படைக் கோட்டைக்குச் சாமான் அனுப்பும் ஒப்பந்தம் யாருக்கு என்பதை வாஷிங்டனில் காதோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் டெலிகேட். ஆகவே ஒரு டெலிகேட் என்ன செய்தார் என்று தெரிய வாக்குப் பதிவைப் புரட்டிப் பயனில்லை. நியமனங்களையும் ஒதுக்கீட்டு மசோதாக்களையும் புரட்டுங்கள்.

விதிவிலக்கு ஆர்ம்ஸ்ட்ராங். நில அளவையாளர், உள்ளூர்ச் சட்டசபை வழியாக மேலே வந்தவர், ஜனநாயகக் கட்சி. 1870-இல் ஸ்பிங்குக்கும் பர்லிக்கும் சண்டை வந்து குடியரசுக் கட்சி இரண்டாக உடைந்ததில் அவர் வென்றார். 1880-களில் பெட்டிகுரூ, கிஃபர்ட், மேத்யூஸ் என்று உள்ளூரில் தொழில் நடத்திய வழக்கறிஞர்கள் வருகிறார்கள். 1870-இல் 14,181 ஆக இருந்த மக்கள்தொகை 1880-இல் 1,35,177 ஆகியிருந்தது. வந்திறங்கிய அதிகாரிகளின் கை தளர்ந்து உள்ளூர் அரசியல் தலையெடுத்ததை அந்தக் கட்டமே காட்டிவிடும்.

ஆனால் அந்த மக்கள்தொகை எண்ணைப் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே கேளுங்கள்: யாரை எண்ணினார்கள்? பழங்குடி நாடுகளின் மக்களில் பெரும்பாலோர் அதில் இல்லை. 1861 சட்டப்படி முதல் தேர்தலில் வாக்கு வெள்ளை ஆண்களுக்கு மட்டும். 1867-இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், டெரிட்டரிகளில் இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. சூ மக்களின் நிலை அதனால் மாறவில்லை, பெண்களுக்கும் வாக்கு வரவில்லை. 1858-இல் யாங்க்டன் சூ மக்கள் ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்ததால்தான் குடியேற்றமே தொடங்கியது, அந்த ஒப்பந்தத்துக்காக ஓடியாடியவர்களில் வியாபாரி டாடும் ஒருவர். 1868 லாரமி கோட்டை ஒப்பந்தம் சூ மக்களுக்கு உறுதிசெய்த கருங்குன்றுகளை (பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி) 1877-இல் காங்கிரஸ் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டபோது டகோட்டாவின் பெயரால் சபையில் உட்கார்ந்திருந்தவர் கிடர். அந்த நிலத்துக்கு உரியவர்கள் யாரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. 'டகோட்டாவின் பிரதிநிதி' என்று பள்ளிக் கட்டுரையில் எழுதுவதற்குப் பதில் 'டகோட்டாவில் குடியேறியவர்களின் பிரதிநிதி' என்று எழுதச் சொல்வது என் வழக்கம்.

சபையில் அவர்கள் பேசியதைத் தேட, 1873 வரை காங்கிரஷனல் குளோப், அதற்குப் பிறகு காங்கிரஷனல் ரெக்கார்ட். இரண்டும் இணையத்தில் இலவசம். முழுப் பக்கமாகப் படிக்கத் தொடங்கினால் தூக்கம்தான் வரும். ஆண்டுக் குறியீட்டில் பெயரைப் பிடித்து, அவர் கொண்டுவந்த மசோதாக்களின் பட்டியலை மட்டும் எடுங்கள். 1870-களுக்கு 'பெம்பினா' என்று தேடுவது நல்ல குறுக்குவழி. வடபகுதியைத் தனி டெரிட்டரியாகப் பிரிக்கும் முயற்சி அந்தப் பெயரில்தான் வரும். உள்ளூரில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு யாங்க்டன் ஊர்ச் செய்தித்தாள்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு கட்சியின் பக்கம் நிற்பவை, எனவே எதிர்க்கட்சித் தாளையும் சேர்த்தே படியுங்கள்.

வரைபடத்தை வைத்துக்கொண்டு விளையாட்டாகவும் தேடலாம். இங்கே கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி. தெற்கு டகோட்டாவில் டாட் கவுண்டி, ஸ்பிங்க் கவுண்டி. வடக்கில் பிஸ்மார்க் இருக்கும் பர்லி கவுண்டி, அதற்குக் கிழக்கே கிடர் கவுண்டி. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். பெட்டிகுரூவின் வீடு சூ ஃபால்ஸில் அருங்காட்சியகமாக இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கடைசி வரி மேத்யூஸ்: 1889 மார்ச் 4 முதல் நவம்பர் 2 வரை. இங்கேதான் இரண்டாவது கட்டம் வேலை செய்யும். அந்தக் காலத்தில் பதவிக் காலம் மார்ச்சில் தொடங்கும், சபை வழக்கமாக டிசம்பரில்தான் கூடும். 51-ஆவது காங்கிரஸின் சபை கூடியது 1889 டிசம்பர் 2. அதற்கு ஒரு மாதம் முன்பே, நவம்பர் 2 அன்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்தில் இரண்டு டகோட்டாக்களும் மாநிலங்களாகிவிட்டன. ஆக மேத்யூஸ் டெலிகேட்டாக இருந்த எட்டு மாதத்தில் சபை ஒரு நாள்கூட அமரவில்லை. அவருக்கு முந்தைய கிஃபர்ட் புது மாநிலமான தெற்கு டகோட்டாவின் சார்பில், இந்த முறை வாக்கோடு, அதே சபைக்குத் திரும்பினார். பெட்டிகுரூ செனட்டரானார்.

வேறு டெரிட்டரியை எடுத்துக்கொண்டாலும் இதே இரண்டு கட்டங்களைப் போட்டுப் பாருங்கள். யூட்டாவில் ஜார்ஜ் கேனன் பெயருக்குப் பக்கத்தில் 1882-இல் இருக்கை காலி என்று வரும், அதற்குப் பலதார மணத்துக்கு எதிரான எட்மண்ட்ஸ் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். நியூ மெக்சிகோவில் ஸ்பானிய மொழிக்காரரான பாதிரியார் கையேகோஸ் 1856-இல் தேர்தல் வழக்கில் இருக்கையை இழந்தார், அங்கே சபை அச்சிட்ட வழக்கு அறிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது.