எக்ஸ்-ஸ்கிட் குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை: ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் எவர் கையிலும் பிப்பெட்டைக் கொடுப்பதற்கு முன் பாரிஸில் நடந்ததைச் சொல்லிவிடுவேன். 1999-இல் நெக்கர் மருத்துவமனையில் அலெய்ன் ஃபிஷர், மரினா கவஸானா குழுவினர், பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத எக்ஸ்-ஸ்கிட் குழந்தைகளுக்கு அவர்களிடம் பழுதாகியிருக்கும் ஐஎல்2ஆர்ஜி மரபணுவின் நல்ல பிரதியை, காமா-ரெட்ரோவைரஸ் என்ற வகை வைரஸில் ஏற்றிச் செலுத்தத் தொடங்கினார்கள். நோயை எதிர்க்கும் டி செல்கள் வளர்ந்தன, குழந்தைகள் வீடு திரும்பினார்கள். ஆனால் பாரிஸ், லண்டன் சோதனைகளில் சேர்ந்த 20 குழந்தைகளில் 5 பேருக்குச் சில ஆண்டுகளிலேயே ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்துபோனது. வைரஸ் முனைகளில் இருந்த, மரபணுக்களை முடுக்கும் டிஎன்ஏ துண்டான ஊக்கி, எல்எம்ஓ2 போன்ற புற்றுநோயைத் தூண்டக்கூடிய மரபணுக்களின் அருகே போய் உட்கார்ந்து அவற்றைத் தட்டியெழுப்பியிருந்தது.

அதனால் மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸான வெக்டரில்தான் அதிக நாள் செலவிடுங்கள். காமா-ரெட்ரோவைரஸை விட்டு லென்டிவைரஸை எடுங்கள். அதன் பின்முனையில் யு3 என்ற பகுதியிலுள்ள ஊக்கியை வெட்டிவிடுங்கள். செல்லுக்குள் ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறும்போது அந்த வெட்டு முன்முனைக்கும் வந்துவிடும். மரபணுவை இயக்க இஎஃப்1-ஆல்ஃபா என்ற மனித மரபணுவின் குறுகிய புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதி) போதும். புரதம் நிறைய வரவேண்டும் என்று வலுவான புரோமோட்டரைத் தேடுவது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

அடுத்து, குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து சிடி34 செல்களை (ரத்த ஸ்டெம் செல்கள் அடங்கிய தொகுதி) காந்த மணிகளால் பிரித்து, வளர்ச்சிக் காரணிகள் கலந்த ஊடகத்தில் வைத்து வைரஸைச் சேர்க்கவேண்டும். இங்கே பொறுமை அல்ல, வேகம் தேவை. என் முதல் பயிற்சித் தொகுதியை, செல்கள் பெருகுகின்றனவே என்ற மகிழ்ச்சியில் ஐந்து நாள் வைத்திருந்தேன். எண்ணிக்கை கூடியது உண்மைதான். எலிகளுக்குச் செலுத்தியபோது ஏறக்குறைய எதுவும் ஒட்டவில்லை. பெருகியவை முதிர்ந்த செல்கள், எனக்கு வேண்டிய ஸ்டெம் செல்கள் அல்ல. இரண்டு, மூன்று நாளில் முடித்துவிடுங்கள். ஒரு செல்லுக்குச் சராசரியாக எத்தனை வைரஸ் பிரதி என்று எண்ணுங்கள். குறைந்தால் பயனில்லை, ஐந்தைத் தாண்டவிடாதீர்கள்.

செல்களைத் திருப்பிச் செலுத்துமுன் புசல்ஃபான் என்ற கீமோ மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து மஜ்ஜையில் இடம் உண்டாக்குங்கள். முந்தைய சோதனைகளில் அதைத் தவிர்த்ததால் பல குழந்தைகளுக்கு, எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் பி செல்கள் சரியாகவில்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழுவினர் 8 குழந்தைகளுக்கு இப்படிச் செய்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பி செல்களும் வளர்ந்தன.

பிறகு 15 ஆண்டுக் கண்காணிப்பு. ஒவ்வொரு ரத்த மாதிரியிலும் செல்களின் டிஎன்ஏவில் வைரஸ் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே இடத்தின் பங்கு மாதாமாதம் ஏறினால், ஒரே செல்லின் வாரிசுகள் மட்டும் பெருகுகின்றன என்று பொருள்; அன்றைக்கே குழந்தையின் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.